பட்சிகளை வழியனுப்புவது எப்படி?

மாசி கடைசியும் பங்குனியும் பறவை பார்க்க அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வந்திறங்கிய பட்சிகள் திரும்பிப்போகத் தயாராகின்றன. வந்தபோது எல்லாம் ஒரே அழுக்குச் சாம்பலாக இருந்தவை, இப்போது ஒவ்வொன்றாகக் கல்யாண நிறம் ஏறி நிற்கின்றன. இன்னும் சில வாரங்களில் ஒரு ராத்திரி கிளம்பிவிடும். ஆகவே அவசரம்.

கீழ்க்கண்ட வழிமுறைகள் கோடியக்கரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பள்ளிக்கரணைக்கும் பழவேற்காட்டுக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதியையும் சேர்த்துக்கொண்டால் நாள் முழு நிறைவாக அமையும்.

1. தனியாகப் போகாதீர்கள்

ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, வாயே திறக்காத ஒரு நண்பர் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஏதோ வீட்டில் பிரச்சினை போலிருக்கிறது. நீங்கள் பெரிய வண்டியாக எடுங்கள். மச்சான் குடும்பம் வரட்டும், அத்தை வரட்டும், அலுவலக நண்பர் வரட்டும், அவர் "சும்மா கூட வர்றான்" என்று அழைத்துவரும் இன்னொருவரும் வரட்டும்.

சென்னையிலிருந்து 350 கி.மீ. சொச்சம். பிள்ளைகளுக்குத் தரங்கம்பாடிக் கோட்டை, நண்பருக்கு நாகூர், அவருடைய நண்பருக்கு வேளாங்கண்ணி, அத்தைக்குச் சிக்கல் சிங்காரவேலர். எல்லாம் போகிற வழிதான், கொஞ்சம் வளைந்தால் போதும். சைபீரியாவிலிருந்து வந்தவை எங்கே போய்விடப் போகின்றன?

2. விடியற்காலையை விட்டுவிடுங்கள்

பங்குனியில் ஆறு, ஆறேகாலுக்கே வெளிச்சம் வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பட்சிகள் மும்முரமாக மேயும், குரல் கொடுக்கும், கண்ணுக்கு அருகில் வரும். அந்த நேரத்தில் நீங்கள் வேதாரண்யத்தில் பொங்கல் ஆறிவிட்டது என்று சர்வரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டும்.

களத்துக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேருங்கள். இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. அந்நேரம் உப்பளத்தின் மேல் கானல் எழுந்துவிடும். ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் நெளியும். அலகு நீளமா குட்டையா, கால் மஞ்சளா கறுப்பா, ஒன்றும் பிடிபடாது. பிடிபடாத பட்சியை எந்தப் பட்சி என்றும் சொல்லலாம். நீண்ட பட்டியல் வைத்திருக்கும் சிலர் கானலுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

3. உடை

உடம்பு முழுக்க இலை அச்சிட்ட ராணுவச் சட்டை, அதற்கேற்ற தொப்பி. உப்பளத்தில் மருந்துக்கும் ஓர் இலை கிடையாது என்பதால், வெட்டவெளியில் ஒரு புதர் எழுந்து நடந்துவருவதை உள்ளான்கள் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே கவனித்துவிடும். காட்டுக்குள் நுழையும்போது வேர்க்கிறது என்று அதைக் கழற்றி வெள்ளைப் பனியனுக்கு மாறுங்கள்.

4. பைனாகுலர் வேண்டாம்

பைனாகுலரில் நீங்கள் பார்த்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் யாருக்கு என்ன லாபம்?

600 எம்எம் லென்ஸ் வாங்குங்கள், தவணையில். தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஒவ்வொரு பட்சிக்கும் உறைக்கும்படி நடந்துகொள்ளுங்கள். இவ்வளவு நீளமான லென்ஸ் செய்ததே தூரத்தில் நின்று எடுப்பதற்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். 600 எம்எம் லென்ஸின் உண்மையான பயன், செல்போனில் எடுக்கும் தூரத்துக்குப் போய் நின்று, கருவிழியைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் எடுப்பது.

5. சோதனைச் சாவடி

திருமறைக்காட்டுக் கோயிலின் மூடிய கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பது தலவரலாறு. உங்களுக்கு அவ்வளவு சிரமமில்லை. வனத்துறைச் சாவடியில் கண்ணாடியை இறக்கி, மாமனார் எந்தத் துறையில் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்பதைச் சொல்லுங்கள்.

"சார், வண்டி இதுக்கு மேல போகக் கூடாது சார். நடந்துதான் போகணும்" என்பார் வாட்சர்.

"பெரியவங்க இருக்காங்கப்பா" என்று பின்சீட்டைக் காட்டுங்கள். அத்தை தூங்கிக்கொண்டிருப்பார். வாட்சர் இருபது வருடமாக இந்தக் காட்டில் நடக்கிறவராக இருக்கக்கூடும். எந்தக் குட்டையில் நேற்று எது இறங்கியது என்று அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும். அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் வழியெல்லாம் இணையத்தில் படித்துவந்த விவரங்களை அவருக்குச் சொல்லுங்கள்: இந்தச் சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்டது, 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதன் பிறகு இருபது ஆண்டுகள் மாநிலத்தில் வேறு ராம்சார் தலமே இல்லை. அவர் தலையாட்டுவார். திறந்துவிடுவார்.

6. ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைப்பது

கோடியக்காட்டில் பாலை மரத்தடிச் சருகைக் கிளறிப் புழு தேடும் ஒரு குண்டுப் பறவை இது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாம் ஒரே உடம்பில். வெயில் காலத்தில் வட இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும், இரவில்தான் பயணம். குளிர்காலம் முழுக்க ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தை வளைத்துக்கொண்டு, வேறொரு ஆறுமணிக்குருவி உள்ளே வராமல் காக்கும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பது அதற்காகத்தான்.

இந்த வீட்டுரிமை உணர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போனில் அதன் குரலைத் தரவிறக்கி, புளூடூத் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் வையுங்கள். எவனோ புகுந்துவிட்டான் என்று மேய்ச்சலை விட்டுவிட்டு வரும். எதிரி கண்ணில் படமாட்டான். திரும்பிப்போகும். மறுபடி போடுங்கள். மச்சானும் தன் போனில் போடட்டும். இப்போது அதற்கு எதிரிகள் இருவர். கால்மணி நேரம் இப்படி ஓட்டினால் இறக்கையைத் தொங்கவிட்டு, தலையைத் தூக்கி, நடுவெளியில் வந்து நிற்கும். அட்டைப்படத்துக்கு ஏற்ற தோற்றம். கிளம்புவதற்கு முன் தின்று சேர்க்க வேண்டிய நாட்களில் அது தின்னாமல் நின்றது என்பது படத்தில் விழாது.

அப்படியும் வரவில்லை என்றால் மனம் தளராதீர்கள். நண்பரின் போனில் மெர்லின் செயலியைத் திறந்து, உங்கள் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடியுங்கள். அது கேட்டுவிட்டு ஆறுமணிக்குருவி என்று உறுதி செய்யும். பட்டியலில் சேர்க்க இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

7. உப்பளத்தில் இறங்குங்கள்

வரப்பிலேயே நின்று பார்க்கலாம், சில நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் உள்ளான்கள் தாமாகவே மேய்ந்துகொண்டு கிட்டே வந்துவிடும் என்பார்கள். உண்மைதான், வரும். ஆனால் உட்காருவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

இறங்குவதற்கு முன் இந்த மாதத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தெரியாமல் கெடுப்பதற்கும் தெரிந்து கெடுப்பதற்கும் தரத்தில் வித்தியாசம் இருக்கிறது. கொசு உள்ளான் என்றொரு பட்சி. எடை 20, 30 கிராம். கர்லூ சேண்ட்பைப்பர் என்று பறவைக்காரர்கள் சொல்லும், அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான் இன்னொன்று. பங்குனி பிறந்தால் அதன் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். இவை முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரத்தில். கர்லூவின் முக்கியமான ஊர் சைபீரியாவின் வடகோடியான தைமிர். கோடியக்கரையிலிருந்து நேர்கோடு போட்டாலே 7,000 கி.மீ. வழியில் அன்னதானம் கிடையாது. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் இரவு பகல் பாராமல் சேற்றைக் குத்திக் குத்தித் தின்று, தின்றதைக் கொழுப்பாக மாற்றித் தோலுக்கு அடியில் சேர்க்கும். உள்ளான் கூட்டத்தில் சில இனங்கள் தம் வழக்கமான எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே ஏற்றிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. பறக்கவைத்தால் செலவாகும், சும்மா விட்டால் சேரும்.

இப்போது இறங்குங்கள்.

நேராகக் கூட்டத்தின் நடுவை நோக்கி நடங்கள். எழுந்து பறந்து நூறடி தள்ளி இறங்கும். அங்கே நடங்கள். மறுபடி எழும். ஒவ்வொரு தடவை எழும்போதும் இருநூறு பட்சிகள் ஒரே சமயத்தில் திரும்பி வயிற்றைக் காட்டும் அழகு இருக்கிறதே, அதை மச்சான் வீடியோவில் பிடிக்கட்டும். பாவம், ஓயாமல் பறக்கின்றனவே என்று யாராவது முனகினால், நாமும்தான் உடம்பு இளைக்க மெரினாவில் நடக்கிறோம், அதற்கும் ஒரு பயிற்சிதானே என்று சொல்லி வாயை அடையுங்கள்.

நடந்துகொண்டே கூட வந்தவர்களுக்கு உரக்கப் பாடம் எடுங்கள். 2022-இல் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று எங்கேயும் இறங்காமல் 11 நாளில் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியா சேர்ந்தது, அதற்கு வயது ஐந்து மாதம். அந்தப் பட்சிகள் கிளம்புமுன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொண்டு கொழுப்புக்கு இடம் பண்ணும் என்பதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்க வேண்டும். தழுதழுத்த குரல் தூரம் போகும். இன்னொரு கூட்டம் எழும்.

8. அரியதைக் கண்டுபிடியுங்கள்

கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே அழிவின் விளிம்பில் நிற்கும் பட்சிகளில் ஒன்று. முன்பு கோடியக்கரையில் பதிவானதுண்டு. அளவில் கொசு உள்ளானுக்குச் சற்றே பெரியது; அலகு நுனியில் கரண்டி.

கொசு உள்ளான் சேற்றைக் குத்தியெடுக்கும்போது அலகு நுனியில் ஓர் உருண்டைச் சேறு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நொடியில் ஷட்டரை அழுத்துங்கள். அடுத்த நொடி அது அலகைத் தண்ணீரில் அலசிவிடும். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்புங்கள். மதியத்துக்குள் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வண்டிகள் வந்துவிடும். "லைஃபர்" என்று கண்ணீர் மல்க உங்கள் கையைப் பிடிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து உப்பளத்தில் இறங்குவீர்கள்.

9. பூநாரை

இதற்குத்தான் வந்தோம். மற்றதெல்லாம் முன்னுரை.

பூநாரைக் கூட்டம் எட்டத்தில் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும். உப்புத்தண்ணீரில் வளரும் நுண்ணிய இறாலும் பாசியும்தான் உணவு. அதிலிருந்துதான் அந்த ரோஜா நிறமே வருகிறது. மேய்கிற பூநாரையிடம் ஒரு குறை இருக்கிறது. இறக்கையின் அசல் நிறம், அந்தச் சிவப்பும் அதன் ஓரத்துக் கறுப்பும், மடித்து வைத்திருக்கும்வரை சரியாகத் தெரியாது. பறந்தால்தான் தெரியும்.

எனவே:

(அ) முதலில் எல்லோரும் கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தயாராவதற்கு முன் பறந்துவிட்டால் வீண்.

(ஆ) பிள்ளைகளில் வேகமாக ஓடக்கூடியவனைத் தேர்ந்தெடுங்கள்.

(இ) அவனை ஓடவிட்டுக் கைதட்டுங்கள். அத்தையும் தட்டட்டும். கைதட்டல் போதவில்லையென்றால் கார் ஹாரன்.

(ஈ) பூநாரை குருவி போல் விருட்டென்று கிளம்பாது. கனமான உடம்பு, தண்ணீர்மேல் பத்து இருபது எட்டு ஓடி, கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்து, அப்புறம்தான் எழும். ஒவ்வொரு எழுச்சிக்கும் நிறையச் செலவு. அந்த ஓட்டம்தான் படத்தின் உயிர். தவறவிடாதீர்கள்.

(உ) தவறவிட்டால் அவை இறங்கும்வரை காத்திருந்து (ஆ)-விலிருந்து தொடங்குங்கள்.

கூட்டத்தில் சட்டம் படித்தவர் இருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சுடுவதை மட்டுமல்ல, துரத்துவதையும் இரை வைத்து இழுப்பதையும்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது என்று ஆரம்பிப்பார். அவரை வண்டியில் ஏசி போட்டு உட்காரவையுங்கள்.

10. ட்ரோன் வைத்திருக்கிறீர்களா? பருந்து உயரத்தில், பருந்து வேகத்தில் ஓட்டுங்கள். பட்சிகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

11. குறுக்கு வழி

திரும்பும்போது வந்த பாதையில் வராதீர்கள். டயர்த்தடம் இல்லாத தரையாகப் பார்த்து வண்டியை இறக்குங்கள். வலசைப் பறவைகள் கிளம்பும் இதே மாதத்தில் உள்ளூர்ப் பறவைகள் குடும்பம் தொடங்குகின்றன. ஆள்காட்டி தரையிலேயே, கூடென்று சொல்ல முடியாத ஒரு பள்ளத்தில், மண் நிறத்தில் புள்ளி போட்ட நாலு முட்டை இட்டுவைக்கும். கீழே குனிந்து தேடினாலே தெரியாது; ஓட்டுநர் இருக்கையிலிருந்து சுத்தமாகத் தெரியாது. தலைக்கு மேல் வட்டமிட்டு அலறும். உங்களை வரவேற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அலறல் திடீரென்று கூடினால் முட்டை கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள். இறங்கி, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாய் அடைகாக்க வராமல் பங்குனி வெயிலில் முட்டை திறந்து கிடக்கும் நேரம் ஒன்றும் அதிகமாக இராது. குழுப்படம் முடிகிற வரைதான்.

12. மதியம்

பட்சிகள் ஒதுங்கிவிடும். உங்களுக்கு ஓய்வில்லை. பாதையோரக் குரங்குகளுக்குச் சிப்ஸ் போடுங்கள், பாக்கெட்டோடு போட்டால் கை அழுக்காகாது. காட்டில் திரியும் குதிரைகளுக்குச் சாம்பார் சாதம். அடுத்த முறை அவையே வண்டியை நிறுத்திக் கேட்கும். அந்த நட்பு முக்கியம்.

அப்புறம் பூங்குழலி. கல்கி தன் கதாநாயகியைக் கோடியக்கரையில் கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் பிறக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பலனைக் கடற்கரை அனுபவிக்கிறது. படம் வந்த பிறகு துடுப்பு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார்களாம். உங்கள் குழுவிலும் ஒருவர் சேலைத் தலைப்பைக் காற்றில் விட்டு ரீல்ஸ் எடுக்க வேண்டும். பின்னணியில் ஆலாக்கள் மணல்திட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தால் ஒரு கல் விட்டெறிந்து எழுப்பிவிடுங்கள். பின்னணி அசைந்தால்தான் ரீல்ஸ் ஓடும்.

13. யாரைப் பின்பற்றக் கூடாது

வேடந்தாங்கல் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களிடம் யாராவது பேச வருவார்கள். ஏரியில் பட்சிகளைச் சுடக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே கும்பினி அதிகாரிகளிடம் போய் நின்றவர்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் எழுதி வாங்கி வைத்துக்கொண்டவர்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்டுகொண்டதில் தொடங்கிய உறவு. இந்தப் பக்கம் சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். வேட்டங்குடிப் பறவைகள் மிரளும் என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் இருக்கிற ஊர் அது, யோசித்துப் பாருங்கள்.

இவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இவர்கள் யாரிடமும் 600 எம்எம் கிடையாது. 'பறவை நோக்கர்' என்று அடையாள அட்டை கிடையாது. எத்தனை இனம் பார்த்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். பட்சி வருகிறது, இருக்கிறது, போகிறது என்று பட்சியைப் பட்சியாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். இருநூறு வருடம் பக்கத்தில் இருந்தும் ஒரு செல்ஃபி எடுக்கவில்லை.

சத்திமுத்தப் புலவரும் இந்த ரகம்தான். வடக்கே போகிற செங்கால் நாரையைப் பார்த்தவர், அதை விரட்டாமல், மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். போகிற பட்சி போய்ச் சேரும் என்று அவ்வளவு நம்பிக்கை.

14. படத்தைத் திருத்துதல்

அறைக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறங்கள். வானம் வெளிறியிருந்தால் நீலம் ஏற்றுங்கள். கர்லூ இன்னும் முழுச் செங்கல் நிறத்துக்கு வரவில்லையென்றால் நீங்களே வரவழையுங்கள். அதற்கு இரண்டு மாதம், உங்களுக்கு இரண்டு விநாடி.

முக்கியமான ஒன்று. சில பட்சிகளின் காலில் உலோக வளையமோ வண்ணக் கொடியோ இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் முகாமிட்டுப் பட்சிகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறார்கள். எது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, எத்தனை வருடம் வாழ்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்ததில் பாதி இப்படி வளையமிட்ட பட்சியை வேறெங்கோ யாரோ கவனித்து எண்ணைப் படித்துச் சொன்னதால் தெரிந்தது. உங்கள் படத்தில் அந்த எண் தெளிவாக விழுந்திருக்கிறது. அழித்துவிடுங்கள். இயற்கைக் காட்சியில் எண் உறுத்தும்.

15. பட்டியல்

இ-பேர்டில் ஏற்றுங்கள். நிஜமாகப் பார்த்தவை, மச்சான் பார்த்தவை, வாட்சர் நேற்றுப் பார்த்தேன் என்றவை, மெர்லின் கேட்டவை, இந்த இடத்தில் கட்டாயம் இருந்திருக்கும் என்று நீங்கள் கருதுகிறவை, எல்லாவற்றையும் கூட்டுங்கள். எண்ணிக்கை ஆயிரத்துக்குக் குறைந்தால் மரியாதையில்லை. ஒரே கூட்டத்தை நீங்கள் ஆறு இடத்தில் எழுப்பிவிட்டிருப்பதால் ஆறு முறை எண்ணுவதில் தவறில்லை.

சில நாளில் மதிப்பீட்டாளர் ஒருவரிடமிருந்து மரியாதையான மின்னஞ்சல் வரும். கரண்டிமூக்கு உள்ளானுக்கு வேறு படம் இருக்கிறதா, அலகில் தெரிவது சேறாக இருக்கலாமா என்று கேட்டிருப்பார். சம்பளமில்லாமல், ராத்திரி உட்கார்ந்து, ஊரார் பட்டியலைச் சரிபார்க்கிற மனிதர். அவரைக் குழுவில் பெயர் சொல்லாமல் தாக்குங்கள். 'சிலர் களத்துக்கே வராமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு...' என்று ஆரம்பிப்பது வழக்கம்.

16. அடுத்த ஆண்டு

அடுத்த ஆண்டும் வாருங்கள், இதே ஆட்களுடன். பட்சிகள் குறைந்திருக்கலாம். பழையவர்களைக் கேட்டால் கொசு உள்ளான் ஒருகாலத்தில் இங்கே எத்தனை எத்தனையோ என்று கையை விரிப்பார்கள்.

இந்த இடத்தில் உங்கள் கடமை தொடங்குகிறது. உடனே ஒரு நீண்ட பதிவு எழுதுங்கள். காரணங்களை வரிசையாக அடுக்குங்கள்: பருவநிலை மாற்றம், உப்பளம், இறால் பண்ணை, அரசாங்கம், சீனாக்காரன். இவற்றில் சிலவற்றில் உண்மையும் இருக்கிறது, அது உங்களுக்கு வசதி. முத்தாய்ப்பாகச் செல்போன் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். '2.0' படம் வந்ததிலிருந்து இதை யாரும் மறுப்பதில்லை. செல்போன்தான் பட்சிகளைக் கொல்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டு, பூநாரை ஓடுகிற உங்கள் படத்தை மேலே வையுங்கள்.

கோடியக்காட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வேதாரண்யம் வந்து கோபுரத்துக்குப் பக்கமாக வண்டியை நிறுத்திப் பதிவேற்றுங்கள்.